கடமையும் மகமையும்: இயற்கைச் சட்டக் கொள்கையும் விருதுநகர் வட்டாரத்து உறவின்முறையும்

1673ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு லுண்டு நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய சாமுவேல் பூபெண்டார்ப் என்பார் இலத்தீன் மொழியிற் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 'இயற்கைச் சட்டத்தின்படி மனிதனுக்கும் குடிமகனுக்கும் உரிய கடமை' என்பது அதன் பெயரின் பொருள். இப்பெயரைத் தமிழில் எழுதிய அளவிலேயே ஆராய்ச்சிக்குரிய வினா ஒன்று எழுகின்றது. 'கடமை', 'குடிமகன்' என்னும் சொற்களை இன்று நாம் வழங்கும் பொருளில் நம் முன்னோர் வழங்கினரா? வழங்கவில்லை எனின், மனிதன் மற்றொரு மனிதனுக்குச் செய்யவேண்டுவது இது என்னும் எண்ணத்தை அவர்கள் எச்சொல்லால் குறித்தனர்? எந்த அமைப்பால் நடைமுறைப்படுத்தினர்?

இவ்வினாவைப் பொதுவாக ஆராய்தல் ஒரு கட்டுரையில் அடங்காது. ஆதலின் ஒரு வட்டாரத்தையும் ஓர் அமைப்பையும் எடுத்துக்கொண்டோம். விருதுநகரும் சிவகாசியும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் அவ்வட்டாரம். அங்கு வாழ்ந்த நாடார் குல வணிகர் கண்ட உறவின்முறையும், அவர் தொகுத்த மகமையும் அவ்வமைப்பு. ஐரோப்பிய நூலின் செல்வாக்கு இங்கு இருந்தது என நிறுவுவது நம் நோக்கமன்று. விருதுபட்டிப் பேட்டையிற் பருத்தி நிறுத்தவர் எவரும் பூபெண்டார்ப்பின் பெயரைக் கேட்டிருக்க வேண்டுவதில்லை. ஒரு கொள்கையின் கூர்மையை வேற்று மண்ணில் விளைந்த ஒரு நடைமுறையின்மேல் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் முன்னர்ப் புலப்படாத சில புலப்படும் என்பதே நம் கருத்து.

நூலும் அது தோன்றிய காலமும்

பூபெண்டார்ப் 1632இற் சாக்சனி நாட்டிற் சமயகுரு ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். 1618இல் தொடங்கி 1648இல் முடிந்த முப்பதாண்டுப் போரின் நடுவே அவர்தம் இளமை கழிந்தது. ஒரே கடவுளை வணங்குவோர் வழிபாட்டு முறையின் பொருட்டு ஒருவரையொருவர் அழித்த காலம் அது. சமய நூலைச் சான்று காட்டினால் பூசல் வளருமேயன்றித் தணியாது என்பதைக் கண்ட அறிஞர், எல்லாச் சமயத்தாரும் ஒப்புக்கொள்ளத்தக்க அறம் ஒன்றை மனித இயல்பிலிருந்தே வருவிக்க முயன்றனர். 1625இல் வெளியான குரோசியசு நூலும், 1642லும் 1651லும் வெளியான ஆபுசு நூல்களும் இம்முயற்சியைச் சார்ந்தவையே. பூபெண்டார்ப் 1672இல் எட்டுப் பகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டு, மறு ஆண்டே அதன் சாரத்தை மாணவர்க்கென இரு பகுதிகளாகச் சுருக்கினார். அச்சுருக்கமே மேற்குறித்த நூல். 1691இல் ஆங்கிலத்திலும் 1707இற் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பெற்று, பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பாடநூலாய் நிலவியது.

அந்நூலின் அடிப்படை எளியது. மனிதன் தன்னைக் காத்துக்கொள்ள விழைபவன். தனியே நின்றாற் காத்துக்கொள்ள இயலாதவன். பிறர்க்குத் தீங்கிழைக்கும் ஆற்றலும் மனமும் உடையவன். ஆதலின் கூடிவாழ்தலைப் பேணுவதே அவனுக்குரிய முதற் சட்டம். அச்சட்டத்தினின்று கடவுள்பாற் செய்வன, தன்பாற் செய்வன, பிறர்பாற் செய்வன எனக் கடமைகள் மூவகையாய்ப் பிரிகின்றன. பிறர்பாற் செய்வனவற்றுள் எவர்க்கும் பொதுவானவை மூன்று. எவர்க்கும் ஊறு செய்யாதிருத்தலும், செய்த ஊற்றுக்கு ஈடு செய்தலும் முதலாவது. ஒவ்வொருவரையும் இயல்பால் தனக்கு ஒப்பானவராக மதித்தல் இரண்டாவது. இயன்ற அளவு பிறர்க்குப் பயன்படுதல் மூன்றாவது. மணம், குடும்பம், ஏவலர், அரசு எனப் பிற உறவுகளால் வரும் கடமைகள் இரண்டாம் பகுதியிற் கூறப்படுகின்றன. குடிமகனுக்குரிய கடமைகளை அந்நூல் தன் இறுதி இயலிலேதான் வைக்கின்றது. முதலில் மனிதன், பின்னரே குடிமகன் என்பது அவ்வைப்புமுறையின் குறிப்பு.

திருக்குறளை ஓதியவர்க்கு இன்னாசெய்யாமை, பெருமை, ஒப்புரவறிதல் என்னும் அதிகாரங்கள் உடனே நினைவிற்கு வரும். ஆயினும் ஒப்புமை கண்ட மகிழ்ச்சியில் வேறுபாட்டை மறத்தல் ஆகாது. வள்ளுவர் உயர்ந்தோர் ஒழுக்கத்தைச் சொல்லிக் கேட்பார் உள்ளத்தை அவ்வழி ஈர்க்கின்றார். பூபெண்டார்ப்போ சட்ட ஆசிரியர். எதனைக் கேட்டுப் பெறலாம், எதனை வழக்கிட்டுப் பெறலாம் என அளந்து கூறுபவர். ஊறு செய்யாமையும் ஒப்பந்தத்தைக் காத்தலும் வற்புறுத்திப் பெறத்தக்க கடமைகள். ஈகையும் நன்றியும் வற்புறுத்தலுக்கு உட்படாதவை. முன்னவற்றை நிறைகடமை எனவும், பின்னவற்றைக் குறைகடமை எனவும் நாம் வழங்குவோம். இப்பாகுபாடு பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

இயற்கைச் சட்டக் கொள்கை தமிழகத்துக் கரையை அணுகியதே இல்லை எனவும் கூறல் இயலாது. கடல் எல்லார்க்கும் பொது என்னும் குரோசியசின் சிறு நூல் 1609இல் வெளிவந்தது. அஃது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிக உரிமையைக் காக்க எழுந்த பெருநூலொன்றின் ஒரு பகுதி. அக்கம்பெனியே 1658இற் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றியது. பொதுக்கடல் என்ற கொள்கை முத்துக்குளிப்புத் துறையில் எத்துணைப் பொதுவாய் நடந்தது என்பதைப் பரதவர் வரலாற்றை ஆராய்வோர் அறிவர். மற்றொரு தொடர்பு இதனினும் இனியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானிய மொழியிற் பெயர்த்தார். விவிலியத்தை அறியாதவர் உள்ளத்திலும் அறநெறி எழுதப்பட்டுள்ளது என்பது கிறித்தவ மரபில் நெடுங்காலம் நிலவிய கருத்து. திண்ணைப் பள்ளிச் சிறுவர் ஓதிய நூல்கள் அக்கருத்துக்குச் சான்றாக ஐரோப்பாவை நோக்கிப் பயணம் செய்தன.

கடன், கடமை, குடிமை

இனிச் சொற்களை நோக்குவாம். சங்க இலக்கியத்தில் இக்கருத்துக்குரிய சொல் 'கடன்' என்பது. புறநானூற்று 312ஆம் பாட்டில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோர்க்குரிய கடன்கள் தனித்தனியே கூறப்படுகின்றன. இங்குக் கடன் என்பது அவரவர் நிலைக்குரிய செயல். மனிதன் என்ற பொதுநிலைக்கு உரிய கடன் அப்பாட்டிற் பேசப்படவில்லை. பேசுதற்குரிய இடமும் அஃதன்று. பட்ட கடனைத் திருப்புதல் என்னும் பொருளும் அச்சொல்லோடு ஒட்டியே வந்துள்ளது.

'கடமை' என்பதன் வரலாறு வேறு. சோழர், பாண்டியர் கல்வெட்டுக்களிற் கடமை என்பது பெரும்பாலும் இறை. அஃதாவது நிலத்தின்மேல் விழும் வரி. 'குடிமை' என்பதும் அவ்வாறே குடிகள் இறுக்கவேண்டிய சில வரிகளையும் ஊழியத்தையும் குறித்தது. திருக்குறளில் நற்குடிப் பிறப்பின் இயல்பைக் குறித்த சொல்லே கல்வெட்டிற் சுமையைக் குறிக்கின்றது. 'குடிமகன்' என்னும் சொல்லோ இன்னும் வியப்பைத் தருவது. தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை அது நாவிதர் முதலாய், ஊராருக்கு வழிவழியாகப் பணிபுரிந்தோரைச் சுட்டியது. இன்று அரசியற் சட்டத்தின் தமிழாக்கத்தில் நாட்டின் ஒவ்வோர் உறுப்பினரையும் அச்சொல்லால் வழங்குகின்றோம். பிறப்பால் வந்த பணியைச் சுட்டிய சொல், பிறப்பைக் கருதாத உரிமையைச் சுட்டும் சொல்லாயிற்று. சொற்பொருள் மாற்றத்தை ஆராயும் மாணவர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அறத்தைப் பொது, சிறப்பு எனப் பகுத்துக் காணும் நோக்கு நம் உரையாசிரியர்க்கு இருந்தது. பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாக்குகின்றார். ஒழுக்கம் வருணந்தோறும் வேறுபடும் என ஒப்புக்கொண்டு, அச்சிறப்பியல்புகள் சிறுபான்மையாதலின் அவற்றை நீக்கி, எல்லார்க்கும் ஒத்த பொதுவியல்பையே வள்ளுவர் கூறினார் என்கின்றார். பரிமேலழகரை வருண நெறியினர் என்று மட்டும் கூறி விடுத்தல் இன்று பலர்க்கும் வழக்கமாய்விட்டது. அவர் பொதுவைப் பெரும்பான்மை என்றும் சிறப்பைச் சிறுபான்மை என்றும் மதித்ததை அவர்கள் கருதுவதில்லை. எனினும் பொதுவும் சிறப்பும் முரணினால் எது வெல்லும் என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. அவ்வினாவைப் பின்னர் நீதிமன்றங்கள் எழுப்பின.

உறவின்முறையும் மகமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து வழிகள் அமைதியுற்றபொழுது, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கருப்பட்டியும் கருவாடும் பிறவும் ஏற்றிய வண்டிகளோடு நாடார் வணிகர் வடக்கு நோக்கி வந்தனர். வழியிற் பேட்டை எனப்படும் மதிலுடைய இடங்களை அமைத்து, வண்டிகளையும் சரக்குக்களையும் காத்தனர். காலப்போக்கிற் பேட்டையைச் சூழக் குடியேறினர். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்னும் ஆறு ஊர்களும் இவ்வாறு அவர்தம் வாணிகத் தலங்களாயின. விருதுபட்டி 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறியது. அதற்கு முன்னரே, 1876ஆம் ஆண்டளவில் அமைந்த மதுரை, தூத்துக்குடி இருப்புப்பாதையால் பருத்தி, மிளகாய், எண்ணெய் முதலியவற்றின் பெருஞ்சந்தையாய் அஃது உயர்ந்திருந்தது.

இவ்வூர்களில் அவர்கள் சிறுபான்மையினர். அயலாரின் பகைமைக்கும் உட்பட்டவர். நிலமுடையோரின் பாதுகாப்பும் கோவிலின் அரவணைப்பும் அவர்க்கு இல்லை. ஆதலின் தமக்குத் தாமே அரணாக வேண்டியிருந்தது. பேட்டைக்கு வரும், பேட்டையினின்று போகும் சரக்கின் மூட்டைக்கு இவ்வளவு எனப் பொதுவிற்கு ஒதுக்கினர். இதுவே மகமை. இதனைத் தொகுக்கவும் செலவிடவும், தம்முள் எழும் வழக்குகளைத் தீர்க்கவும் குடும்பத் தலைவர்கள் கூடிய அவை உறவின்முறை எனப்பட்டது; அதன் உறுப்பினர் முறைகாரர் எனப்பட்டனர். இவ்வமைப்பின் வரலாற்றை 1969இல் வெளிவந்த தம் நூலில் இராபர்ட் ஆர்ட்கிரேவு விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மகமை புதிதாய்த் தோன்றியதன்று. இடைக்காலத்து வணிகக் குழுவினராகிய ஐந்நூற்றுவர், சரக்கின்மேற் பட்டணப்பகுடி என்ற பெயரில் ஒரு பங்கை ஒதுக்கிக் கோவிற் பணிக்குத் தந்ததைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. பிரான்மலையிலுள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு உப்பு, நெல், மிளகு, பாக்கு எனச் சரக்குக்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றன்மேலும் விழும் பங்கை உரைக்கின்றது. ஆயின் ஐந்நூற்றுவரின் பங்கு அவர்கட்குப் பெருமதிப்பு இருந்த கோவிலுக்குச் சென்றது. விருதுபட்டி வணிகரின் பங்கோ, பெருங்கோவில்களின் வாயில் அடைக்கப்பட்ட நிலையில், தம் மாரியம்மன் கோவிலுக்கும் கிணற்றுக்கும் சாவடிக்கும் பள்ளிக்கும் சென்றது.

இதனைப் பூபெண்டார்ப்பின் கொள்கையோடு வைத்து நோக்குதல் பயனுடைத்து. அரசு தோன்றும் முறையை அவர் இரண்டு உடன்படிக்கைகளாலும் ஒரு தீர்மானத்தாலும் விளக்குகின்றார். முதலிற் பலர் கூடி வாழ்வதென ஒவ்வொருவரும் மற்றெல்லாரோடும் உடன்படுகின்றனர். பின்னர் ஆட்சியின் வடிவைத் தீர்மானிக்கின்றனர். அதன்பின் ஆள்வோர் காப்பதாகவும் ஆளப்படுவோர் பணிவதாகவும் இரண்டாம் உடன்படிக்கை செய்கின்றனர். இவ்வாறு எந்த அரசேனும் வரலாற்றில் உண்மையாகத் தோன்றியதுண்டா என ஐயுற்றவர் பலர். பேட்டை ஒன்றை அமைத்து, மதில் எழுப்பி, மகமைக்கு உடன்பட்டு, அதனைக் கையாள்வோரை ஏற்றுக்கொண்ட வண்டிக்காரர் கூட்டத்தைக் காணும்பொழுது, அக்கற்பனைக்கு மிக நெருங்கிய உண்மை நிகழ்ச்சி ஒன்று சாத்தூர் வட்டத்திலே நிகழ்ந்ததோ என எண்ணத் தோன்றுகின்றது.

எண்ணம் அவ்வளவில் நிற்றல் நன்று. ஏனெனில் வேறுபாடும் ஆழமானது. பேட்டையை நிறுவிய தலைமுறை உடன்பட்டது. அடுத்த தலைமுறை பிறந்தது. பெயரே உறவின்முறை, உடன்பாட்டின் முறை அன்று. மகன் தந்தையின் இடத்தில் முறைகாரனாவது மணத்தாலும் பிறப்பாலும் வந்த உறவினால். பூபெண்டார்ப்பும் இச்சிக்கலை அறிந்தவரே. முன்னோர் செய்த உடன்படிக்கை, அந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்து அதன் பாதுகாப்பைப் பெறுவோர்பால் குறிப்பாக உடன்பட்டதாய்க் கொள்ளப்படும் என்பது அவர் விடை. விருதுநகரில் அக்குறிப்பான உடன்பாடு எளிதிற் புலப்பட்டது. மகமை செலுத்தினான் எனின் அவன் வீட்டு மணத்திற்கும் சாவிற்கும் ஊர் கூடும். அவன் வழக்கை அவை கேட்கும். செலுத்த மறுத்தால் ஒதுக்கிவைக்கப்படுவான். சுற்றத்தை இழந்த வணிகன் கடன் பெறும் வழியையும் இழந்தான்.

இங்கேதான் நிறைகடமை, குறைகடமை என்னும் பாகுபாடு நமக்கு உதவுகின்றது. பள்ளிக்கூடம் அமைத்தலும் கிணறு வெட்டுதலும் பூபெண்டார்ப்பின் அளவுகோலிற் குறைகடமைகள். ஒருவனிடமிருந்து வற்புறுத்திப் பெற இயலாதவை. மகமை அவற்றை வற்புறுத்திப் பெறும் நிறைகடமைகளாக்கிற்று. ஈகையின் நோக்கும் வரியின் உறுதியும் அதனிடத்தில் ஒன்றாயின. ஈகை உள்ளக் கனிவைச் சார்ந்தது, வரி அரசின் வாளைச் சார்ந்தது எனப் பகுத்தே பழகிய ஐரோப்பிய நூலுக்கு இந்த மூன்றாவது வகை புலப்படவில்லை. கடமை என்ற சொல் நம் கல்வெட்டிலே வரியைக் குறித்ததன் பொருத்தத்தை ஈண்டு உணரலாம்.

இதன் விளைவுகளுள் ஒன்றை மட்டும் சுட்டுவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் விருதுபட்டியிற் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பின்னாளில் முதலமைச்சராய் விளங்கிய காமராசர் சிறுவராய்ப் பயின்ற பள்ளி இதுவே. மகமையோடு, வீடுதோறும் நாள்தோறும் ஒதுக்கிய பிடியரிசியும் இப்பள்ளியைத் தாங்கியது என்பர். உலையிலிடும் அரிசியினின்று ஒரு பிடியை எடுத்துவைத்தவர் வீட்டுப் பெண்டிர். உறவின்முறை அவையில் அவர்க்கு இடமில்லை, கடமையில் இடமிருந்தது. பூபெண்டார்ப்பின் நூலிலும் குடும்பத்தின் பொருட்டு அரசோடு உடன்படுவோன் தலைவனே. இவ்வொருவகையில் இரண்டும் வேறுபடவில்லை. பள்ளியிற் பிற குலத்துச் சிறுவரும் பயின்றனர். தம் குலத்தார் தந்த பொருளாற் பிறரும் பயன்பெறலாம் என முறைகாரர் கருதியபொழுது, உறவின் எல்லையைக் கடமை சிறிதே தாண்டிற்று எனலாம்.

கமுதி வழக்கு

உறவின் எல்லைக்கு வெளியே நிலைமை வேறாயிருந்தது. 1897ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடார் சிலர் கமுதியிலுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலினுள் சென்று வழிபட்டனர். கோவிலின் வழிவழி அறங்காவலராகிய சேதுபதி மன்னர், கோவில் தீட்டுற்றதெனக் கூறி, மீண்டும் அவர்கள் நுழையாதவாறு தடையும், தூய்மைச் சடங்கிற்குரிய இழப்பீடும் கோரி வழக்கிட்டார். வழக்கு மதுரைச் சார்பு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கையிலேயே, விசுவநாதர் கோவில் நுழைவு பற்றிய பூசல் முற்றி, 1899 சூன் 6ஆம் நாள் பல்லாயிரவர் திரண்டு சிவகாசியைத் தாக்கினர். உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன. அவ்வாண்டே கீழ்நீதிமன்றம் நாடார்க்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 1901இற் சென்னை உயர்நீதிமன்றமும், 1908இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தின.

இவ்வழக்கைச் சாதிப்பூசலின் வரலாறாகவே பலரும் எழுதியுள்ளனர். கடமை பற்றிய வரலாறாகவும் அது படித்தற்குரியது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கையிற் பாசுகர சேதுபதி நாடார் தரப்பினருடன் இணக்கம் செய்துகொள்ள முற்பட்டார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அறங்காவலர் என்பவர் கோவிலை நிலவிவரும் வழக்கத்தின்படி நடத்தக் கடமைப்பட்டவர். உடன்பாட்டால் அவ்வழக்கத்தை மாற்ற இசைந்தால், அவர் தம் நம்பிக்கைப் பொறுப்பை மீறியவராவார் என்பது பிரிவிக் கவுன்சில் கண்ட முடிபு. ஒரு மனிதன் மற்றொரு மனிதனோடு இணங்க விரும்பினான். அவன் வகித்த பதவியின் கடன் அவனைத் தடுத்தது. பொதுவியல்பும் சிறப்பியல்பும் முரணினால் எது வெல்லும் எனப் பரிமேலழகர் எழுப்பாத வினாவிற்கு, 1908இற் சிறப்பியல்பே வெல்லும் என விடை கிடைத்தது.

ஆங்கில நீதிமன்றங்கள் இயற்கைச் சட்டத்தை அறியாதவையல்ல. நீதி, நேர்மை, நல்ல மனச்சான்று என்னும் மும்மைத் தொடர் கம்பெனிக் காலம் முதலே இந்திய நீதிமன்றச் சட்டங்களில் இடம்பெற்றது. 1873ஆம் ஆண்டுச் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டத்திலும் அது உண்டு. ஆயினும் அங்கு அதற்குரிய இடம் கடைசி இடம். சமய நூற்சட்டமும் சட்டவலிமையுள்ள வழக்கமும் இல்லாதவிடத்தே மட்டும் அதனை நாட வேண்டும். வழக்கம் உண்டு என நிறுவப்பட்டபின் மனச்சான்றுக்கு இடமில்லை.

நாடார் தரப்பு எதனை வாதிட்டது என்பது இதனினும் ஆழ்ந்து கருதற்பாலது. நாங்களும் மனிதர், ஆதலின் வழிபடுவோம் என அவர்கள் வாதிடவில்லை. நாங்கள் சத்திரியர், பாண்டியர் வழியினர். எங்களைத் தடுத்த வழக்கம் முறையற்றது என்றே வாதிட்டனர். பூபெண்டார்ப் தம் நூலில் மதிப்பை இரண்டாகப் பகுக்கின்றார். எவனிடத்தும் மனிதன் என்ற அளவிற் பிறர் வைக்க வேண்டிய எளிய மதிப்பு ஒன்று. சிறப்பினால் ஒருவனுக்கு மிகுந்து வரும் மதிப்பு மற்றொன்று. நாடார்க்கு மறுக்கப்பட்டது முன்னது. அவர்கள் கேட்டது பின்னது. எளிய மதிப்பைக் கேட்பதற்கு அன்றைய நீதிமன்றத்தில் மொழி இல்லை. பிறப்புரிமையை எதிர்ப்பதற்கும் பிறப்புரிமையையே சான்று காட்ட வேண்டியிருந்தது. வென்றிருப்பினும் அவ்வெற்றி அவர்க்குக் கீழாய் வைக்கப்பட்டோர்க்குக் கதவைத் திறந்திராது.

பூபெண்டார்ப் நாடார்க்குத் துணையாய் நின்றிருப்பார் எனவும் எளிதிற் சொல்லிவிட இயலாது. பொதுவான பொருளிற் சமமான பங்கே எல்லார்க்கும் உரியது என்கின்றார். உடனே, ஒருவன் தனியே ஈட்டிய உரிமை இருந்தாலன்றி, என விலக்கும் வைக்கின்றார். வழக்கம் என்று கூறி எதிர்த்தரப்பார் வாதிட்டது அவ்விலக்கையே. உடன்பாட்டால் வரும் அடிமைநிலையையும் அவர் நூல் ஏற்கின்றது. இயற்கைச் சமத்துவம் பேசிய அறிஞர் அதன் வாயிலிற் காவலும் வைத்தார்.

பின் வந்தவை

1910இல் நாடார் மகாசன சங்கம் தோன்றியது. 1931இற் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு விருதுநகரில் நடைபெற்றபொழுது, அவ்வூரிற் கேட்ட வாதம் மாறியிருந்தது. உயர்ந்த வருணம் எமக்கும் உண்டு என்பதைவிட, வருணமே வேண்டா என்பது ஓங்கியது. இருபத்துமூன்று ஆண்டுகட்கு முன் பிரிவிக் கவுன்சிலிற் கேளாத எளிய மதிப்பு என்னும் கருத்தே அது. வந்தது வேறு வழியில். 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோவிலினுள் வைத்தியநாத ஐயருடன் சென்ற அரிசனத் தொண்டர்களோடு, விருதுநகர் நகராட்சி உறுப்பினர் ஒருவரும் இருந்தார். அவ்வாண்டே இயற்றப்பெற்ற சென்னை மாகாணச் சட்டம் அறங்காவலரைத் தண்டனையினின்று காத்தது. 1908இன் தீர்ப்பு எதனை நம்பிக்கைப் பொறுப்பை மீறல் என்றதோ, அதனை இப்புதுச் சட்டம் அறங்காவலர் செய்யத்தக்க செயலாக்கிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டமும், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 17, 25ஆம் உறுப்புக்களும் எஞ்சியதைச் செய்தன. குடிமகனின் அடிப்படைக் கடமைகளைத் தொகுத்த 51அ உறுப்பு 1976இற் சேர்க்கப்பட்டது. அக்கடமைகளை வழக்கிட்டுப் பெற இயலாது. அவையும் குறைகடமைகளே.

மகமை ஓய்ந்துவிடவில்லை. 1947இல் விருதுநகரிற் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் எழுந்தன. பிடியரிசி ஒதுக்கிய பெண்டிரின் பேத்தியர்க்குப் பட்டம் பெறும் வாய்ப்புத் தம் ஊரிலேயே கிட்டியது.

சிவகாசியில் வேறொரு கடமை முன்னின்றது. மழை குறைந்த அம்மண்ணிலிருந்து 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர்; 1923இல் தொழில் தொடங்கியது; பின்னர்ப் பட்டாசும் அச்சும் அதனைத் தொடர்ந்தன. கருமருந்தோடு வாழும் தொழிலில், எவர்க்கும் ஊறு செய்யாமை என்னும் முதற் கடமை நாள்தோறும் சோதிக்கப்படுகின்றது. கவனக்குறைவால் நேர்ந்த ஊற்றுக்கும் ஈடு செய்ய வேண்டும் என்பது பூபெண்டார்ப் அவ்விடத்திற் கூறும் விதி. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருள் ஆலைத் தொழிலாளர் அல்லாதோரும் பலர். முதல் வெடியோசை கேட்டு அயலூர்களிலிருந்து ஓடிவந்து, அடுத்த வெடியில் அகப்பட்டவர்கள். அவருட் சிலர் உதவும்பொருட்டு வந்தோர். வேலியிட்டு அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டியது பிறரின் நிறைகடமை. எவரும் வற்புறுத்தாமலே ஓடி வந்தது அவர்தம் ஒப்புரவு.

சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் உழைத்த சிறுவரைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பரில் ஒரு தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஆலை உடைமையாளர் 20,000 உரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடின் 5,000 உரூபாய் சேர்க்க வேண்டும். அப்பொருளைத் தனி நிதியாக்கி, அதன் வட்டியை அக்குழந்தையின் படிப்பிற்குச் செலவிட வேண்டும் என்பது அத்தீர்ப்பு. நூறாண்டுகட்கு முன் இருபது கல் தொலைவிற்குள், சரக்கு மூட்டையின்மேல் ஒதுக்கிய பங்கால் ஒரு பள்ளி நடந்தது. அங்கு வற்புறுத்தியது உறவு. இங்கு வற்புறுத்தியது நீதிமன்றம். ஆலையில் தீக்குச்சி அடுக்கிய குழந்தைகளோ, பெரும்பாலும் அவ்வுறவின்முறைக்கு வெளியே பிறந்தவர்கள்.